பெட்டி பக்கத்துல தூங்குறவங்க

"பழைய மெஷின் பார்ட்ஸ்னு போட்டுடலாம் மச்சி. யாரு பெட்டியைத் திறந்து பாக்கப் போறா?"

எங்க டீம் மீட்டிங்ல இந்த ஐடியா வந்தப்ப, உண்மையைச் சொல்லணும்னா, நானும் தலையாட்டினேன்.

ஒன்பது பேர் இரண்டு வருஷம் உழைச்சு செஞ்ச எலக்ட்ரிக் வண்டி அது. வெளிநாட்டு மாணவர் போட்டி ஒன்றுக்குத் தேர்வாகியிருந்தது. கப்பல்ல அனுப்பலாம்னு சரக்கு ஏஜென்ட்கிட்ட போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "யூஎன் 38.3 ரிப்போர்ட் இருக்கா?"

லித்தியம் பேட்டரி பயணம் போறதுக்கு முன்னாடி பாஸ் ஆக வேண்டிய சோதனைகள் அவை. குறைந்த காற்றழுத்தம், சூடு, குளிர், அதிர்வு, ஷார்ட் சர்க்யூட், ஓவர்சார்ஜ் எல்லாம் உண்டு. நாங்க வாங்கின செல்லுக்கு ரிப்போர்ட் இருந்தது. லேப்ல நாங்களே ஸ்பாட் வெல்ட் பண்ணின பேக்குக்கு இல்லை. செல் பாஸானா பேக்கும் பாஸ்னு அர்த்தம் இல்லை. சோதனைக்குக் கொடுக்கவே இன்னும் சில பேக் செய்யணும். எங்ககிட்ட இருந்தது ஒண்ணே ஒண்ணு. அதுக்கப்புறம்தான் அந்த 'மெஷின் பார்ட்ஸ்' யோசனை.

தூத்துக்குடி பெரியப்பா மகன் கன்டெய்னர் கப்பல்ல இன்ஜின் ரூம்ல வேலை பாக்குறார். அன்னைக்கு ராத்திரி போன்ல அவர்கிட்ட சிரிச்சுக்கிட்டே இதைச் சொன்னேன். அவர் சிரிக்கல.

"பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதுடா தம்பி. பேப்பர்ல இருக்கறதுதான் தெரியும். எங்க அடுக்கணும், தீப்பிடிச்சா என்ன பண்ணணும், எல்லாம் அதைப் பாத்துதான். நீ பொய் சொல்லி ஏத்துற பெட்டி பக்கத்துலதான் நாங்க தூங்குறோம்."

அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். லித்தியம் அயன் பேட்டரியில் ஓடும் வண்டி, ஆபத்தான சரக்குகளில் 9-ஆம் வகுப்பு. முன்பு பேட்டரி வண்டிகளுக்குப் பொதுவா யூஎன் 3171 என்ற எண் இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் கப்பல்ல இதுக்கு யூஎன் 3556. ஒரு செல் கட்டுப்பாடு இழந்து சூடானா பக்கத்துச் செல்லும் சூடாகும்; அணைச்ச பிறகும் மறுபடி பத்தலாம். அந்த நம்பர் இல்லாம, தீயணைக்கப் போறவருக்கு இது எப்படித் தெரியும்?

2023 ஜூலையில் நெதர்லாந்து கடல் பக்கம் 'ஃப்ரீமான்டில் ஹைவே' கப்பல் எரிஞ்சது. அதுல 3,783 வண்டிகள், 498 எலக்ட்ரிக். உடனே பழி எலக்ட்ரிக் கார் மேலதான் விழுந்தது. ஆனா அவற்றில் பல, கீழ்த்தளங்களில் எரியாமலே கரை சேர்ந்தன. அதனால எலக்ட்ரிக் வண்டின்னாலே பயம்னு நான் சொல்ல வரல. என் மனசுல நின்னது வேற: அந்தத் தீயில் இறந்தவர் ஒரு இந்திய மாலுமி.

சோதனை முடியாத மாதிரி பேட்டரிகளுக்குத் தனி விதி இருக்கு. ஆனா அதுக்கான பேக்கிங், பேப்பர் வேலைக்கு எங்களுக்கு நாள் போதல. மறுநாள் டீம்ல பேசினேன். சண்டை வந்தது. ஒருத்தன் ஒரு வாரம் என்கூட பேசல. கடைசியில நாங்க போகல.

வண்டி இன்னும் லேப்லதான் நிக்குது. ஜூனியர்ஸ், அடுத்த வருஷம் நீங்க போங்க. ஆனா பேக் டிசைன் பண்ற முதல் நாளே, அந்த ரிப்போர்ட்டுக்கும் பட்ஜெட்டுல ஒரு வரி போட்டுடுங்க.