தடாகம் மூடிக் கிடந்த நாட்களில்

2020 மார்ச் 20ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. அரிசி, பருப்பு, பால்மா என்று ஊரார் யோசித்ததைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். என் மகளுக்கோ நீச்சல் தடாகத்தின் நினைப்பு. அதற்கு முந்திய வாரமே அதன் கேட்டில் பூட்டுத் தொங்கிவிட்டது.

அவளுக்கு அப்போது பதினைந்து வயது. ஒன்பது வயதில் மூச்சிழுப்புக்காக வைத்தியர் சொல்லித்தான் நீச்சலுக்கு அனுப்பினோம். பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில், முழு உடம்பையும் மறைக்கும் நீச்சல் உடையோடு, வாரத்தில் ஐந்து நாட்கள் போவாள். இழுப்புக் குறைந்தது. ஆசை கூடியது. பாடசாலை அணியிலும் சேர்ந்துவிட்டாள். உறவுக்காரர் சிலருக்கு அது பிடிக்கவில்லை. தடாகம் மூடியதும் என் மாமி சொன்னார்: "தானாவே முடிஞ்சி போச்சே மகள். இதோட நிப்பாட்டிடுங்க."

நான் பதில் பேசவில்லை. உண்மையைச் சொல்வதானால், என் மனதின் ஒரு மூலையிலும் அந்த எண்ணம் இருந்தது. சுபஹ் தொழுத கையோடு அவளைக் கூட்டிக்கொண்டு ஓடி, திரும்பி வந்து சமைத்து, மற்றப் பிள்ளையை அனுப்பி... தாய்மாருக்குத் தெரியும், நான் விளக்க வேண்டியதில்லை.

முதல் இரண்டு வாரமும் அவள் பத்து மணி வரை படுத்துக் கிடந்தாள். தம்பியோடு எரிந்து விழுந்தாள். அவ்வருடத்துப் போட்டிகள் நடக்காதென்று தெரிந்ததும் பேச்சே குறைந்தது. ஒரு இரவு போய்ப் பார்த்தால், விளக்கை அணைத்துவிட்டு நீச்சல் தொப்பியை முகர்ந்துகொண்டிருக்கிறாள்.

"என்ன மகள்?"

"குளோரின் வாசமும் போய்ட்டும்மா."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் அவளுடைய பயிற்றுவிப்பாளருக்கு நானே தொலைபேசி எடுத்தேன். அவரும் ஒரு பெண்தான். பூசி மெழுகாமல் பேசினார். பயிற்சியை விட்டால் இரண்டு வாரத்துக்குள்ளேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறையத் தொடங்கும், அதே வேலைக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டி வரும். தசைப் பலம் அவ்வளவு சீக்கிரம் போகாது என்றார். "தண்ணியக் கையால புடிக்கிற அந்த உணர்வ மட்டும் வீட்டில காப்பாத்த ஏலாது. மத்த எல்லாத்தையும் காப்பாத்தலாம்." அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

என் கணவர் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி ஜன்னல் கம்பியில் கட்டினார். மகள் இடுப்பை வளைத்துக் குனிந்து, முழங்கை தாழாமல் இரு முனைகளையும் பின்னோக்கி இழுப்பாள். இருபது முறை இழுத்து, சற்று ஓய்ந்து, மீண்டும் இருபது. பிறகு வாங்கில் வயிற்றுக்குத் தலையணை வைத்துக் குப்புறப் படுத்துக் கால் அடிப்பாள். மாடிப்படி ஏறி இறங்குவாள். கயிறு பாய்வாள். கீழ்வீட்டார் முறையிட்ட பிறகு, கயிறு பாய்வது மொட்டைமாடிக்குப் போனது. தண்ணீர் உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் நீந்துகிறவர்களின் எலும்புக்கு வேலை குறைவாம். குதிப்பதும் படியேறுவதும் அந்தக் குறையைத் தீர்க்குமாம். தடாகம் மூடியதில் இப்படியும் ஒரு இலாபம்! நோன்பு வந்ததும், தராவீஹுக்குப் பின் அரை மணி நேரம் என்று மாற்றிக்கொண்டோம்.

ஒரு நாள் குளியலறையில் வாளித் தண்ணீரில் முகத்தை அமிழ்த்தி மூச்சடக்கிப் பார்த்திருக்கிறாள். பயிற்றுவிப்பாளர் கேள்விப்பட்டுக் கடுமையாகத் திட்டினார். வேகவேகமாக மூச்செடுத்துவிட்டு அடக்கினால், மூச்சு முட்டுவது தெரியாமலே மயக்கம் வரும். முகம் தண்ணீருக்குள் இருந்தால் உயிருக்கே ஆபத்து. தாய்மார் இதைக் கவனத்தில் எடுங்கள்.

உடம்புக்கு வழி கிடைத்தது. மனம்தான் இலேசில் வசப்படவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கே மார்ச் 24ஆம் திகதி ஒரு வருடம் தள்ளிப் போடப்பட்டதென்று காட்டினேன். அமெரிக்காவின் கேட்டி லெடெக்கி, பல்கலைக்கழகத் தடாகம் மூடியதால் ஒரு குடும்பத்தாரின் வீட்டுத் தடாகத்தில் பயிற்சி செய்தார் என்பதையும் சொன்னேன். "எங்கட வீட்டில டியூப் மட்டும்தானே" என்றாள்.

அவளைத் தொட்டது யுஸ்ரா மர்தினியின் கதைதான். டமஸ்கஸில் யுத்தத்தால் பயிற்சி குழம்பிய பெண். 2015இல் அகதிகளின் படகு ஏஜியன் கடலில் நின்றுபோனபோது, தன் சகோதரி சாராவோடு கடலில் இறங்கி, மூன்று மணி நேரத்துக்கு மேல் நீந்திப் படகைக் கரை சேர்க்க உதவியவர். அடுத்த வருடமே ரியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணியில் நீந்தினார். இதை மகள் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு பயிற்றுவிப்பாளர் சொல்லியிருந்த ஒன்றைத் தொடங்கினாள். இரவில் கண்ணை மூடி, கடிகாரத்தை அழுத்தி, நூறு மீற்றர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை மனதுக்குள் முழுதாக நீந்துவது. முடித்ததும் கடிகாரத்தைப் பார்ப்பாள். அவளுடைய உண்மையான நேரத்துக்கு மிகவும் கிட்ட இருக்கும்.

அந்த நாட்களில் அதைவிட ஆச்சரியமான விடயம் ஒன்றும் நடந்தது. டியூப் இழுக்கும் நேரத்தில் மாமி பக்கத்துக் கதிரையில் தஸ்பீஹோடு வந்து உட்காரத் தொடங்கினார். ஒரு நாள் மகள் களைத்து நிறுத்த, அவர் சொன்னது எனக்குக் குசினி வரை கேட்டது: "பத்தொம்பதுதான் ஆகிருக்கு. இன்னும் ஒண்டு."

தடாகம் திறந்த முதல் நாள் ஐம்பது மீற்றருக்குப் பழைய நேரத்தைவிட நாலு செக்கன் கூட எடுத்துவிட்டு அழுதாள். மூன்று வாரத்தில் இரண்டு செக்கனை மீட்டாள். அதற்குள் ஒக்டோபரில் கொவிட் மீண்டும் பரவ, கேட்டில் மறுபடியும் பூட்டு. வீட்டுக்கு வந்தவள், "வாப்பா, டியூப் எங்க?" என்று மட்டும் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மாமி எழும்பிப் போய், தன் அலுமாரியில் மடித்து வைத்திருந்ததை எடுத்து வந்து கொடுத்தார்.