அப்பா போனில் ஓடாத ஆப்

மூணாவது வருஷம் நான் எழுதிய முதல் ஆப், ஆண்ட்ராய்டுக்கு, கோட்லினில். மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடின்னு தினமும் காலையில் நோட்டிஃபிகேஷன் வரும். ஜூன் 12 நெருங்கினா திருப்பனந்தாளில் எங்க வீட்ல வேற பேச்சே கிடையாது. பெருமையா அப்பாகிட்ட காட்டப் போனேன். அவர் கையில் ஜியோபோன்! கோட்லின் அங்கே செல்லாக்காசு.

2017-ல் வந்த அந்த பட்டன் போனில் ஓடுவது காய்ஓஎஸ். மோசில்லா கைவிட்ட ஃபயர்பாக்ஸ் ஓஎஸ்ஸின் வாரிசு. அதுல ஆப்னாலே ஹெச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட்தான். வெப் ஸ்டாண்டர்ட் எல்லா போனுக்கும் பொதுதானே என்று இரண்டு நாளில் வெப் பக்கமா மாற்றி எழுதினேன். என் போனில் ஜம்முன்னு ஓடியது. அப்பா போனில் வெறும் வெள்ளைத் திரை. உள்ளே இருந்தது கெக்கோ 48, 2016-ஆம் வருஷத்து எஞ்சின். அதுக்கு அசிங்க்-அவெயிட் என்றால் என்னன்னே தெரியாது. ஸ்டாண்டர்டுக்கும் வயசு உண்டுன்னு எந்த லெக்சர்லயும் சொல்லலை. எல்லாத்தையும் பழைய பிராமிஸ் முறைக்கு மாற்றினேன். எண் தெரிந்தது. அதே கோடு என் போனிலும் அப்படியே ஓடுது.

காலை நோட்டிஃபிகேஷனை மட்டும் விட்டுக்கொடுத்தேன். நேட்டிவ்ல அது சின்ன வேலை, இன்னும் உறுத்துது.

அப்பா இப்போ டீ குடிச்சிக்கிட்டே அவரே திறந்து பார்க்கிறார். போன வாரம் கேட்டார்: "தம்பி, கல்லணையில எத்தனை கன அடி விடுறாங்கன்னும் இதுல வருமா?"