திண்ணையில் இருந்த டம்ளர்

ஏசுநாதரை எனக்கு முதன்முதலில் அறிமுகம் செய்து வைத்தவர் எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு நர்ஸ் அம்மாள். பைபிளை நான் படித்தது அதற்குப் பல வருஷங்களுக்குப் பிறகுதான். அந்த அம்மாள் யாருக்கும் மதப் பிரசங்கம் செய்தவரல்லர். நடுநிசியில் யார் வந்து கதவைத் தட்டினாலும், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பையும் கையுமாகப் புறப்பட்டு விடுவார். "ஏன் நர்ஸம்மா, உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று என் தாயார் ஒரு நாள் கேட்டபோது, "எங்க சாமியும் இப்படி அலைஞ்சவருதாம்மா" என்று சிரித்தார். அன்று முதல், ஏசுநாதர் என்றால் கையில் பையோடு இருட்டில் நடந்து போகிறவர் என்றே என் மனத்தில் பதிந்துவிட்டது.

அதே தெருக் கோடியில் ஓர் அடகுக்கடைக்காரர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போவார். கடையில் அவர் தலைக்கு மேலே ஏசுநாதர் படம். படத்துக்குக் கீழே ஏழைகளின் அண்டாவும் குத்துவிளக்கும். மூழ்கிப்போன தாலிக்காக ஒருத்தி அந்த வாசலில் அழுததைப் பார்த்தேன். அப்புறம் பல நாள் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. படத்தில் இருந்தவர் என்ன பாவம் செய்தார்?

காந்திஜிக்கும் இப்படி நேர்ந்திருக்கிறது. ராஜ்கோட்டில் பள்ளியில் படித்த நாளில், தெரு மூலையில் நின்று இந்துக்களின் தெய்வங்களை இழித்துப் பேசிய பாதிரிமாரைக் கேட்டு, கிறிஸ்தவத்தின்மேல் தமக்கு வெறுப்பு உண்டானதாகச் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். பின்னால் லண்டனில் மலைப் பிரசங்கத்தைப் படித்தபோதோ, அது நேரே அவர் நெஞ்சில் பாய்ந்தது. 1914-ல் டர்பன் துறைமுகத்தில் ஆண்ட்ரூஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் வந்து இறங்கினார். காந்தி யார் என்று தெரிந்ததும் குனிந்து அவர் பாதங்களைத் தொட்டார். ஒரு வெள்ளைக்காரர் இந்தியர் காலைத் தொடுவதா என்று அங்கிருந்த வெள்ளையர்கள் குமுறினார்கள். ராஜ்கோட் தெருமுனையில் மறைந்து போனவர், அந்தத் துறைமுகத்தில் ஒரு கணம் கண்ணுக்குத் தெரிந்திருப்பார் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

எல்லாரும் ஆண்டவரின் பிள்ளைகள் என்று சொல்லும் மதத்திலேயே, நம் திருச்சியில் கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிச் சுவர் எழுந்தது. செத்தவர்களுக்கு நடுவே ஒரு சுவர்! அதைப் பார்க்கிற வேற்று மதத்தான் ஏசுவைப் பற்றி என்ன நினைப்பான்?

இப்படிக் கேட்டு எழுதிய உடனே என் பேனா நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லத்தானே வேண்டும்?

நர்ஸ் அம்மாளுக்கு எங்கள் வீட்டில் காபி கொடுப்பது உண்டு. அதற்கென்று ஒரு தனி டம்ளர், திண்ணை மாடத்தில் கவிழ்த்து வைத்திருக்கும். குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். என் தம்பி பிறந்த இரவு, தாயார் பிழைப்பாரோ மாட்டாரோ என்றிருந்தது. விடிய விடிய உள்ளே இருந்து அவரைக் காப்பாற்றியவர் அந்த அம்மாள்தான். பிரசவ அறை எப்படியும் தீட்டு. ஆகவே அவர் அங்கே நுழைவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. பொழுது விடிந்ததும் காபி வந்தது, அதே டம்ளரில். அவர் திண்ணைக்கு வந்து உட்கார்ந்து குடித்தார்.

எங்கள் கூடத்தில் பெரிய முருகன் படம் ஒன்று மாட்டியிருந்தது. திண்ணையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார். என்ன நினைத்திருப்பார்? அடகுக்கடைப் படத்தைப் பார்த்து நான் நினைத்ததைத்தானே?

கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று தோன்றும் வயது எனக்கு வந்தபோது அவர் இல்லை. அன்று காலை டம்ளரைக் கழுவி மாடத்தில் கவிழ்த்துவிட்டு, குழந்தையை இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் போனார் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மறுநாள் இரவு, வேறு யார் வீட்டுக்கோ, பையை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்.