மெழுகில் முக்கிய பூக்கள்

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். தூத்துக்குடியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும் நேரம் அது. தோவாளையிலிருந்து வரும் கேந்தியும் செவ்வந்தியும் அந்த வாரம் விலை ஏறிவிடும். வாங்கி வைத்தாலும் ஒரு மழைக்குத் தாங்காது. அதனால் எங்கள் வீட்டிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போன பூவெல்லாம் காகிதப் பூதான். அக்டோபர் ஜெபமாலை மாதம். இரவில் வீட்டு ஜெபமாலை முடிந்ததும் பாயை விரித்துத் தாளும் கத்தரியுமாக உட்கார்ந்துவிடுவோம்.

பட்டத்தாளில் செய்வது செவ்வந்தி. ஏழெட்டுத் தாளை அடுக்கி, விசிறி மடிப்பாக மடித்து, நடுவில் நூலால் இறுக்கிக் கட்டி, இரு முனையையும் வளைவாக நறுக்கி, பிறகு ஒவ்வொரு தாளாக மேலே தூக்கிவிட வேண்டும். அவசரப்பட்டால் அடியில் கிழியும். பொறுமைக்காரியான சித்திதான் அதைச் செய்வாள். ரோஜாவுக்குக் கிரேப் பேப்பர். அதன் சுருக்கங்கள் இதழின் அடியிலிருந்து நுனிக்கு ஓடும்படி வெட்டினால்தான், நடுவில் கட்டைவிரலால் இழுத்துக் குழிக்க முடியும். “ஏட்டி, சுருக்கம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்து வெட்டு” என்று ஆச்சி சொல்லிக்கொண்டே இருப்பாள். விளிம்பைக் கொண்டை ஊசியில் சுருட்டி, இதழ்களைத் தென்னை ஈர்க்கில் வைத்துக் கட்டி, பச்சைத் தாளைப் பசை தடவிச் சுற்றினால் காம்பும் ஆயிற்று.

கிரேப் பேப்பரில் தண்ணீர் பட்டால் சாயம் இறங்கும். அப்படியே வைத்தால், புதிதாகச் சுண்ணாம்பு அடித்த கல்லறையில் முதல் மழைக்கே சிவப்பு வழிந்துவிடும். அதற்குத்தான் மெழுகு. மாதா படத்துக்கு முன் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை ஆச்சி ஆண்டு முழுக்க ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருப்பாள். அந்த டப்பாவைக் கொதிநீரில் இறக்கி உருக்குவாள். மெழுகு ஆறிப்போனால் இதழில் கட்டிகட்டியாக ஒட்டும். நல்ல சூட்டில் மெல்லிசாகப் படியும். பூவைத் தலைகீழாக முக்கி, உதறி, கொடியில் தொங்கவிடுவாள். மெழுகு ஏறியதும் வெளிர்ந்த ரோஸ்கூட அடர்ந்து, ஈர இதழ்போல மினுங்கும்.

கைகள் வேலையில் இருக்க, வாய் இறந்தவர்களைப் பற்றிப் பேசும். “இது யாருக்கு ஆச்சி?” என்று ஒரு பூவைத் தூக்கிக் காட்டினால் போதும். பாட்டாவை நான் பார்த்ததில்லை. ஆனால் தோணியில் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோனவர், திரும்பும்போதெல்லாம் வாசனைச் சோப்பு வாங்கி வந்தவர், கோபம் வந்தால் பேசாமல் கடற்கரைக்கு நடந்துவிடுகிறவர் என்று அவரை எனக்குத் தெரியும். பிறந்த சில நாளிலேயே போய்விட்ட ஒரு அத்தைக்கு வெள்ளைப் பூ மட்டும்தான். அவளுடைய பூவை மட்டும் ஆச்சி வேறு யாரிடமும் கொடுக்கமாட்டாள். இதழ் வெட்டுவதிலிருந்து மெழுகில் முக்குவதுவரை தானே செய்வாள்.

ஆச்சியும் இப்போது அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறாள். நாங்கள் பிழைக்க வந்த ஊர்களிலிருந்து திருநாளுக்கு முந்தின இரவு பஸ் ஏறிப் போகிறோம். வாசலில் பிளாஸ்டிக் மலர் வளையம் விற்கிறார்கள். மழைக்கு ஒன்றும் ஆகாது, சாயமும் போகாது. வாங்கி வைத்துவிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, சாமியார் தீர்த்தம் தெளித்ததும் ஊர் திரும்பிவிடுகிறோம்.

“இவங்க யாரும்மா?” என்று என் பிள்ளைகள் கல்லில் உள்ள பெயரைப் படித்துக் கேட்கிறார்கள். “உங்க பூட்டி. பூ நல்லா செய்வாங்க” என்கிறேன். அந்தக் கூட்டத்தில் அதற்குமேல் சொல்ல முடிவதில்லை. பெயரும் வருடமும் கல்லில் இருக்கின்றன. ஆளை அறியவைக்க அக்டோபர் முழுவதும் இரவுகள் வேண்டும். கை நிறையத் தாள் வேண்டும். அந்த இரவுகள் என் பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லையே என்பதை நினைத்தால்தான் மனம் ஆறமாட்டேன் என்கிறது.