விலை சொல்லாத சான்றிதழ்



எங்கள் ஊரான பலாபத்வலக் கடைகளில் நிறுத்துத் தரும் மைசூர்ப் பருப்பில் ஒரு பங்கு, நான் இப்போது பிழைக்கும் சஸ்காச்சுவான் மாகாணத்து மண்ணில் விளைந்தது. கனடாவின் பருப்பில் பெரும்பகுதி இந்த ஒரு மாகாணத்தில்தான் விளைகிறது; இங்கிருந்து துருக்கிக்கும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறுகிறது. மாத்தளையிலிருந்து அலுவிகாரை தாண்டி ஏ-9 வீதியில் தம்புள்ளைப் பக்கம் போனால், வாசனைத் திரவியத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகளுக்கு நடுவே வரும் அந்தச் சின்ன ஊரில், பருப்பு வாங்க வரும் யாரும் அதற்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கிலோ என்ன விலை என்று கேட்பார்கள். அரைக் கிலோவா, கால் கிலோவா என்பதை அந்த விலைதான் முடிவுசெய்யும்.

எனக்கு வேலை சஸ்கட்டூனுக்கு வெளியே ஒரு தானியக் களஞ்சியத்தில். இங்கே எலிவேட்டர் என்பார்கள். லொறி வந்து நின்றதும் நீண்ட குழாயைத் தானியத்துக்குள் இறக்கி மாதிரி எடுப்போம். சல்லடையில் குலுக்கி, மண்ணும் களைவிதையும் எவ்வளவு என்று பார்த்துக் கழிவு போடுவோம். பிறகு ஈரமானி. கோதுமையில் ஈரம் 14.5 சதவீதத்தைத் தாண்டினால் விலை இறங்கும். இவ்வளவும் நடக்கும்போது விவசாயி என் தோளுக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஐயாயிரம் ஏக்கர் செய்கிறவரும் அப்படித்தான், பலாபத்வலையில் முக்கால் ஏக்கர் செய்கிறவரும் அப்படித்தான். நிறுக்கிறவன் கையை நம்பாதது எல்லாத் தேசத்து விவசாயிக்கும் பொது.

கனோலா என்ற எண்ணெய்வித்தைக் கொண்டுவருகிறவர்களிடம் இன்னொரு படிவத்தையும் நீட்ட வேண்டும். ஐரோப்பாவில் உயிர் எரிபொருளாகப் போகும் எண்ணெய்க்கு ஐ.எஸ்.சி.சி. போன்றதொரு சான்றிதழ் தேவை. '2008 ஜனவரிக்குப் பிறகு காட்டை அழித்துப் பண்படுத்திய நிலத்தில் இது விளையவில்லை' என்று விவசாயி தானே எழுதிக் கையெழுத்திட வேண்டும். பலர் போட்டுவிடுகிறார்கள். போடும்போது, "இதில் எனக்கு என்ன கிடைக்கிறது?" என்று கேட்காதவர் குறைவு. என்னிடம் பதில் இல்லை, படிவத்திலும் இல்லை.

இந்தக் கேள்வி 2020 நவம்பரில் பெரிதாக வெடித்தது. தானியக் கம்பனிகள், உணவுக் கம்பனிகள், பயிர்ச் சங்கங்கள், சுற்றாடல் அமைப்புகள் எல்லாம் சேர்ந்த கனடா நிலைபேறான பயிர்கள் வட்டமேசை அமைப்பு, 'ரெஸ்பான்சிபிள் கிரெய்ன்' என்ற பெயரில் ஒரு நடத்தைக் கோவை வரைவை வெளியிட்டது. பசளையை எப்படி இடுவது, மருந்தை எப்படி அடிப்பது, மண்ணையும் நீரையும் எப்படிக் காப்பது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். விரும்பியவர்கள் பின்பற்றலாம், கட்டாயமில்லை என்றார்கள். கொரோனாக் காலம், கூட்டமெல்லாம் கணினித் திரையில். அந்தக் குளிர்காலம் முழுக்க விவசாயிகள் பிடித்துக் கிழித்தார்கள். இதை யார் கேட்டது? எந்த நாட்டு வாடிக்கையாளர், எந்தக் கடிதத்தில்? கூடுதலாக ஒரு சதமாவது தருவாரா? இன்றைக்கு விருப்பம் என்பது நாளைக்கு நிபந்தனை ஆகாது என்று யார் கையெழுத்திடுவார்? அமைப்புக்காரர்கள் வரைவைத் திருப்பி எடுத்துத் திருத்தப் போனார்கள்.

காலமும் அவர்களுக்குச் சாதகமாக இல்லை. வரைவு வெளிவந்த அடுத்த மாதமே, பசளையிலிருந்து எழும் வாயுக்களை 2030க்குள் 2020இன் அளவிலிருந்து 30 சதவீதம் குறைப்பது என்று மத்திய அரசாங்கம் அறிவித்தது. அதுவும் விருப்பத்தின் பேரில்தான் என்று சொன்னார்கள். ஒரே குளிர்காலத்தில் இரண்டு 'விருப்பங்கள்' வீட்டு வாசலில் வந்து நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

இந்தச் சமவெளி விவசாயிகளுக்கு வேறொரு மனக்குறையும் உண்டு. 1930களின் புழுதிப் புயலில் மேல்மண் பறந்ததைத் தாத்தாமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள். 1990களில் உழாமல் விதைக்கும் முறைக்குத் திரளாக மாறினார்கள். அறுவடைத் தாளை நிலத்திலேயே விட்டு, அதற்கு ஊடாக விதைக்கும் இயந்திரத்தைக் கடன்பட்டு வாங்கினார்கள். எந்தச் சான்றிதழும் அவர்களைச் செய்யச் சொல்லவில்லை. மண்ணும் டீசல் கணக்கும் சொல்லின. "நாங்கள் ஏற்கெனவே செய்ததைச் செய்தோம் என்று நிரூபிக்க இனி நாங்களே காசு கட்ட வேண்டுமா?" என்று வயதான ஒருவர் என் மேசையில் தட்டிக் கேட்டார். அவர் பேச்சில் பாதி நியாயம். மீதிப் பாதியில், பக்கத்துச் சதுப்புநிலத்தை வடித்து அவரே கோதுமை விதைத்த கதையும் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை, அவருடைய பக்கத்துக் காணிக்காரர் சொன்னார்.

ஆனாலும் இதே ஆட்கள் என் ஈரமானியை ஏன் கடைசியில் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். விடை பழைய சரித்திரத்தில் இருக்கிறது. நூற்றிருபது வருடத்துக்கு முன் இங்கே எலிவேட்டர்காரர் சொன்னதுதான் எடை, அவர் சொன்னதுதான் தரம். தானியம் ஏற்ற ரயில் பெட்டி கேட்டாலும் கிடைக்காது. விவசாயிகள் சங்கம் சேர்ந்து, 1902இல் சின்டலூட்டா என்ற சிற்றூரில் ரயில் கம்பனியின் நிலைய முகவர் மேல் வழக்குப் போட்டு வென்றார்கள். 1912இல் கனடா தானியச் சட்டம் வந்தது. இன்றைக்கு நான் சொல்லும் தரமோ கழிவோ பிடிக்காவிட்டால், மாதிரியைக் கனடா தானிய ஆணைக்குழுவுக்கு அனுப்பச் சொல்லி விவசாயி கேட்கலாம். அவர்கள் சொல்வதற்கு எங்கள் கம்பனியும் கட்டுப்பட வேண்டும். வாங்குகிறவனும் இல்லாத, விற்கிறவனும் இல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அந்த ஆளை அவநம்பிக்கைதான் சம்பாதித்துக் கொடுத்தது. நிலைபேறுச் சான்றிதழில் விவசாயி முறையிட அப்படி ஒரு வாசல் இல்லை. விதி எழுதுவது ஒருவர், சரிபார்க்கக் கட்டணம் வாங்குவது இன்னொருவர், பெயர் எடுப்பது பல்பொருள் அங்காடி.

இனி நம் ஊருக்கு வருகிறேன். என் அத்தான் பலாபத்வலையில் ஒரு சிங்கள முதலாளியின் வயலைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவர். 2022 கோடையில் இங்கே சஸ்காச்சுவான் விவசாயிகள் பசளைக் குறைப்பை எதிர்த்துப் பேசும்போதெல்லாம் "ஸ்ரீலங்காவைப் பாருங்கள்" என்றார்கள். அதை அத்தானிடம் தொலைபேசியில் சொன்னேன். "எங்களைப் பார்த்து என்ன செய்யப்போறாங்க மச்சான்? எங்களுக்கு யாரும் வரைவு காட்டலையே" என்றார்.

காட்டவில்லைதான். 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் சேதன விவசாயத்துக்கு மாறப் பத்து வருடம் என்று எழுதிய அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, 2021 மே மாதத்தில் ஒரே வர்த்தமானியால் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார். 1962 முதல் மானியப் பசளையில் பழகிய வயல்கள். 2005க்குப் பிறகு 50 கிலோ மூட்டை 350 ரூபாவுக்குக் கிடைத்த வயல்கள். பதிலுக்கு வந்த சீனக் கப்பல் பசளையில் தீங்கான பக்றீரியா இருப்பதாக நம் தாவரத் தனிமைப்படுத்தல் சேவையே சொன்னது. கப்பல் திரும்பியும், அதனால் எழுந்த பிணக்கைப் பிறகு 67 லட்சம் டொலர் கொடுத்துத்தான் முடித்தார்கள். 2021 நவம்பரில் தடையை நீக்கியபோது பெரும்போக விதைப்பு வேலை தொடங்கிவிட்டது. அந்தப் போகத்தில் விளைச்சல் விழுந்தது; நெல் விளையும் நாடு அரிசிக்குக் கப்பல் பார்த்து நின்றது.

அந்த வர்த்தமானி செய்த கேடு நெல்லோடு நிற்கவில்லை என்பதுதான் என் எண்ணம். 'சேதனம்', 'சுற்றாடல்', 'நஞ்சற்ற உணவு' என்ற நல்ல சொற்களையெல்லாம் அது கெடுத்துவிட்டது. விவசாயத் திணைக்களத்தின் நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழ், ஆங்கிலச் சுருக்கத்தில் காப், உண்மையில் மோசமான திட்டமல்ல. எப்போது என்ன மருந்து அடித்தோம், எந்தத் தண்ணீர், அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்தினோம் என்று பதிவுப் புத்தகம் வைக்கச் சொல்கிறது. உத்தியோகத்தர் வந்து பார்க்கிறார். ஆனால் 2021க்குப் பிறகு கையில் படிவத்தோடு வயல் வரம்பில் நடந்து வரும் எவரைக் கண்டாலும் மனிதர்கள் அடுத்த தடைக்குப் பெயர் எடுக்க வந்தவராகத்தான் பார்க்கிறார்கள்.

அத்தானுக்கு இன்னொரு சிக்கல். காணிக்கு முதலாளி பெயரில்தான் கமநல சேவை நிலையத்தில் பதிவு. சான்றிதழ் கேட்கும் நில விபரங்களைக் கொடுக்க அவர் முதலாளியிடம் போக வேண்டும். முதலாளிக்கு நல்ல மனம். ஆனாலும் குத்தகைக்காரன் பெயர் அரசாங்கக் கடதாசியில் ஏறினால் நாளைக்கு உரிமை கேட்பானோ என்ற பயம், 1958 நெற்காணிச் சட்டக் காலத்திலிருந்து ஊரில் எல்லா முதலாளிக்கும் இருக்கிறது. அதனால் அத்தான் கேட்கவே இல்லை.

கேட்டு எடுத்தாலும் விலை? 2025 தொடக்கத்தில் அரசாங்கம் அறிவித்த உத்தரவாத விலை நாட்டரிசி நெல்லுக்குக் கிலோ 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132. மூன்று வரி. சான்றிதழ் பெற்ற நெல்லுக்கு என்று நான்காவது வரி அதில் கிடையாது. தனியார் ஆலைக்காரரிடம் போனால், நெல்லை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்து "ஈரம்" என்கிறார். மூட்டைக்கு இவ்வளவு கழிவு. எந்த ஆணைக்குழுவுக்கு மாதிரி அனுப்புவது?

இதற்கு எதிர்ச் சாட்சியும் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. மிளகுக்கும் கராம்புக்கும் சேதனச் சான்றிதழ் எடுத்த சிறு தோட்டக்காரர்கள் மாத்தளையில் உண்டு. குழுவாகச் சேர்கிறார்கள், பதிவு எழுதுகிறார்கள், பரிசோதகர் வந்தால் மரத்துக்கு மரம் காட்டுகிறார்கள். ஏற்றுமதிக்காரர் கூடுதல் விலையோடு வாசலுக்கு வருகிறார், அவ்வளவுதான் காரணம். பரம்பரைக் குணத்தால் விவசாயி கடதாசியை வெறுப்பதில்லை.

விவசாயியைத் தலையில் தூக்கி வைக்கவும் நான் தயாரில்லை. விற்கிற பாத்திக்கு ஒரு மருந்து, வீட்டுப் பாத்திக்கு மருந்தே இல்லை என்று செய்கிறவர்களை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இங்கேயும் பருப்புச் செடியை ஒரே சீராகக் காய வைக்க அறுவடைக்கு முன் கிளைபோசேட் களைகொல்லி அடிப்பது சாதாரணம். 2015இல் அந்தக் கிளைபோசேட்டை இலங்கை தடைசெய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விட்டுக்கொடுத்து, 2022இல் முழுதாக நீக்கியது. தடை இருந்த வருடங்களிலும் சஸ்காச்சுவான் பருப்பு பலாபத்வலைக் கடைக்கு வந்துகொண்டுதான் இருந்தது. உள்ளூர் விவசாயிக்கு ஒரு நீதி, கப்பலில் வருவதற்கு இன்னொரு நீதி என்பதையும் அத்தான் போன்றவர்கள் கவனிக்காமல் இல்லை.

சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் ஐ.நா. சுற்றாடல் திட்டமும் 2011இல் தொடங்கிய நிலைபேறான அரிசி மன்றம், 41 நிபந்தனைகளோடு ஒரு தரநிலை வைத்திருக்கிறது. தண்ணீரை மிச்சப்படுத்துவது, தாளைக் கொளுத்தாமல் விடுவது எல்லாம் அதில் உண்டு. அது எப்போதாவது நம் வயல்களுக்கு வந்தால் நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் திணைக்களத்தாருக்கும் திட்டம் கொண்டுவருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெரும்போக விதைப்புக்கு முன் பலாபத்வல கமநல நிலையத்தில் கூட்டம் வையுங்கள். படிவத்தோடு, நெல்லை வாங்கப்போகிறவரையும் கூட்டி வாருங்கள். கிலோவுக்கு எத்தனை ரூபா கூடத் தருவார் என்பதை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். ஈரத்திலும் தரத்திலும் தகராறு வந்தால் யாரிடம் போவது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். குத்தகைக்காரர் கையெழுத்துச் செல்லும் என்று முதலாளியின் முன்னாலேயே சொல்லுங்கள். இவ்வளவையும் செய்ய முடியாவிட்டால் கூட்டத்தைத் தள்ளிப் போடுங்கள். விதைப்பு வேலையாவது கெடாமல் இருக்கும்.