ஓபி அடித்தவன்

கல்லூரியில் என்.எஸ்.எஸ். கேம்ப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் தெரியும். காலையில் மண்வெட்டி, ரோடு, போட்டோ. மிச்ச நேரத்தில்தான் கேம்ப்பே இருக்கிறது.

1992-ல் சிதம்பரத்திலிருந்து கிள்ளை பக்கம் ஒரு மீனவர் குப்பத்துக்குப் போனோம். பத்து நாள். பள்ளிக்கூட வராந்தாவில் படுக்கை. மூணு மணிக்கு மேல் நாலு பேர் ரம்மி. ஒருத்தன் காதலிக்குத் தினம் ஒரு லெட்டர் எழுதுவான் (ஒன்றைக்கூட போஸ்ட் பண்ணினதில்லை). நான் படகுத் துறையில் உட்கார்ந்து பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் கொடுத்த மரமும் அந்தக் காட்டில்தான் இருக்கிறது.

கடலூர் முதுநகர்ப் பையன் ஒருத்தன் மட்டும் ஆளே அகப்படமாட்டான். எங்காவது வலை பின்னக் கற்றுக்கொண்டிருப்பான். இல்லையென்றால் யார் வீட்டுத் திண்ணையிலாவது நண்டுக் குழம்பு. 'ஓபி அடிக்கிறான் சார்' என்று லெக்சரரிடம் போட்டுக்கொடுத்தது சாட்சாத் நான்தான்.

நாங்கள் போட்ட மண் ரோடு அடுத்த ஐப்பசி மழையிலேயே கரைந்துபோச்சு.

2004 டிசம்பர் 26, சுனாமி. மூணாம் நாள் பழைய கோஷ்டி அரிசி மூட்டையோடு போய் இறங்கினோம். குப்பம் இருந்த இடத்தில் மணல். ஜனங்கள் ஒரு கல்யாண மண்டபத்தில். பத்து நாள் தின்று தூங்கின ஊர். எனக்கு ஒருத்தர் பேர்கூடத் தெரியவில்லை. 'ஐயா', 'அம்மா' என்று மூட்டையோடு நின்றேன்.

அவன் உள்ளே நுழைந்ததுமே ஒரு கிழவி பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தான். வீடு வீடாக, ஒவ்வொரு பேராகச் சொல்லி விசாரிக்க ஆரம்பித்தான். சில பேருக்கு அவள் பதில் சொல்லவில்லை.