கல் வேறு, பாறை வேறு



பாறை என்றாலே அசையாதது என்று எண்ணிப் பழகிவிட்டோம். மலையைக் குடைகிறவர்கள் அப்படி எண்ணுவதில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகிற உங்களில் அநேகர் கல்லாற்றில் இறங்கி, நீர் உருட்டி மழமழப்பாக்கிய கற்களின்மேல் நடந்திருப்பீர்கள். கையிலெடுத்தால் இரும்பைப் போன்ற கல். ஆனால் அதற்கு மேலே 22 கொண்டையூசி வளைவுகளில் ஏறுகையில், சாலைக்காக வெட்டிய சரிவுகளை நான் உற்றுப் பார்த்ததுண்டு. குறுக்கும் நெடுக்குமாக விரிசல்கள். சில இடங்களில் பாறை மண்ணாகவே உதிர்ந்திருக்கிறது. (அம்மலையிலுள்ள சார்னோகைட் என்னும் பாறை சென்னைவாசிகளுக்கு அந்நியமல்ல, பல்லாவரத்திலும் அதுவே.)

சுரங்கப்பாதையின் கூரையாக நிற்பது தனிக் கல் அன்று, விரிசல்களோடு கூடிய பாறைத்திரள். ஆகவே பொறியாளர்கள் மலையில் துளையிட்டு, உருளை உருளையாகப் பாறையை எடுத்துப் பெட்டிகளில் அடுக்குகிறார்கள். 10 செ.மீ.க்குக் குறையாத துண்டுகளை மட்டும் கூட்டி, துளையிட்ட நீளத்தில் அவை எத்தனை விழுக்காடு என்று பார்ப்பார்கள். 1973-இல் தென்னாப்பிரிக்காவில் பெனியாவ்ஸ்கி என்பவர் இதனோடு வேறு அளவுகளையும் சேர்த்து, பாறைக்கு 100-க்கு மதிப்பெண் இடும் முறையை வகுத்தார். அவருடைய 1989 அட்டவணையில் கல்லின் வலிமைக்கு 15 மதிப்பெண்களே. விரிசல்களின் நிலைக்கோ 30! விரிசலுக்குள் களிமண் நிறைந்து நீரும் கசியுமானால், கல் எவ்வளவு உறுதியாயிருந்தும் பயனில்லை.

80-க்கு மேல் பெற்ற பாறையில் 15 மீட்டர் அகலக் குடைவு தாங்கலின்றி 20 ஆண்டுகள் நிற்கக்கூடும். 20-க்குக் கீழானால் 1 மீட்டர் அகலமே அரைமணி நேரந்தான் நிற்கும். அதற்குள் இரும்பு வளைவும் தெளிப்புக் கான்கிரீட்டும் ஏற வேண்டும். அடியில் நிற்பவன் ஒரு தாயின் பிள்ளை.

2023 நவம்பர் 12 அன்று உத்தராகண்டின் சில்க்யாராவில் சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே அகப்பட்டார்கள். துளையிடும் இயந்திரம் உடைந்தது. கடைசி மீட்டர்களை மனிதர்கள் கையால் தோண்டி, 17-ஆம் நாளில் அனைவரையும் உயிரோடு மீட்டார்கள்.

கேரளத்தில் ஆனக்காம்பொயிலிலிருந்து வயநாட்டின் மேப்பாடிப் பகுதிக்கு 8 கி.மீ.க்கு மேற்பட்ட இரட்டைச் சுரங்கப்பாதைப் பணி 2025 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கப்பட்டது. அதே மேப்பாடிப் பஞ்சாயத்தின் முண்டக்கையையும் சூரல்மலையையும் 2024 ஜூலை 30 அன்று நிலச்சரிவு வாரிக்கொண்டு போனது. ஜனங்கள் அஞ்சுவது இயல்பே. சரிந்தது மேல்மண்ணும் சிதைந்த பாறையும், குடைவது ஆழத்துப் பாறை என்று சொல்வதில் உண்மையுண்டு. ஆயினும் இரு வாயில்களும் மேற்சரிவில்தானே திறக்கின்றன?

முன்கூட்டி இட்ட துளைகள் மலையின் சில இடங்களையே காட்டும். ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் புதிதாய்த் தெரியும் முகப்பைப் பார்த்து மறுபடியும் மதிப்பெண் இடவேண்டும். இதில் அவசரம் கூடாது என்பதே என் எண்ணம். மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டால் இரும்பும் நாட்களும் மிச்சமாகும். அதன் ஆபத்து எழுதியவரையல்ல, உள்ளே நிற்பவரையே சேரும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படிப்பட்ட வேலையில் இருந்தால், தொலைபேசியில் சாப்பாட்டையும் சம்பளத்தையும் விசாரித்தபின், இன்று வெடித்த முகப்பைப் பார்க்கப் புவியியலாளர் வந்தாரா என்றும் கேளுங்கள்.